இரண்டு பேர் படித்த முள்

என் கோமதிக்கு, அரைக் கோட்டுக்கும் சண்டை பிடித்த மகராசிக்கு, கடைசி இரண்டு வருஷம் என் சம்பந்தியம்மாவாகவும் இருந்தவளுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. டெல்லித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு யாரைப் பற்றியாவது நினைவாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. உனக்கே எழுதினால் வருகிறது. ஆனால் மலர் என்றால் நாலு பேர் படிப்பார்கள், அவர்களுக்காகச் சிலதை விளக்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொல்கிறாளே என்று உதட்டைப் பிதுக்காதே.

முதலில் ஊர்ச் செய்தி. மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட் கைக்கு வந்துவிட்டது. யமுனைக்கு அந்தப் பக்கம் மனுஷன் இருப்பானா என்று நீ கேலி செய்த அதே இடம்தான். இரண்டாவது மாடி, காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர், சார்ட்டர்ட் பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம் ஆபீஸுக்கு. ஆனால் பால்கனியில் வெயில் வருகிறது கோமதி. குளிர்காலத்தில் பின்னல் ஊசியோடு நீ உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாய்.

உமாவும் சேகரும் முனிர்காவிலேயே இருக்கிறார்கள். உன் மகள் பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாகிவிட்டாள். என் மகனை அவள்தான் மேய்க்கிறாள். "சேகர், ஜல்தி கிளம்புங்க, பஸ் நிக்காது" என்று அவள் விரட்டுகிற குரல் அப்படியே உன் குரல், தமிழ் மட்டும் பாதி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே சாப்பிட வருகிறார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் நன்றாகவே இருக்கிறேன்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்குத் தனி அறை, ஏசி, கண்ணாடிக் கதவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி. விமானத்திலிருந்து இப்போது பிலிம் வருவதில்லை, நாடா வருகிறது. அதை மாட்டினால் மெஷினே எண்களைக் கடகடவென்று அடித்துத் தள்ளுகிறது. நாம் இரண்டு பேர் மூன்று நாள் செய்கிற வேலை ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. எனக்கு வருத்தமா என்று கேட்டால், இல்லை. கண் வலி போயிற்று.

நம் வேலை என்ன என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பறந்துகொண்டிருக்கும் ஜெட் விமானத்தை அதன் எஞ்சின் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு உந்துவிசை என்று பெயர், ஆபீஸில் த்ரஸ்ட் என்போம். தரையில் என்றால் சுலபம். எஞ்சினை ஒரு சட்டத்தில் பூட்டி ஓட்டினால் எவ்வளவு தள்ளுகிறது என்று தராசு காட்டிவிடும். ஆகாயத்தில்? என் வீட்டுக்காரர் ஒருமுறை இதையே கேட்டபோது நீ சொன்ன பதிலைவிட நல்ல பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

"ஆகாசத்துல தராசை எங்க கொண்டு மாட்டுவீய அண்ணாச்சி?" என்றாய். "எஞ்சின் வால் வழியா ஊதுதுல்லா, அந்தக் காத்து எம்புட்டு அழுத்தமா, எம்புட்டுச் சூடா வருதுன்னு பாக்கணும். வெளிக்காத்து எப்படி, பிளேன் என்ன வேகத்துல போவுது, அதையும் பாக்கணும். எல்லாத்தையும் கணக்குல போட்டா தள்ளுத தள்ளு வரும். அதுல ஒண்ணு கழிக்கணும். நீங்க ஸ்கூட்டர்ல போவும்போது எதுத்தாப்புல காத்து மூஞ்சில அடிக்குல்லா? அந்தக் காத்தை விழுங்கிட்டுத்தான எஞ்சினும் போவணும்? அதுக்குச் செலவானதைக் கழிச்சா மிச்சம் நிக்கதுதான் நெசமான தள்ளு."

அன்றிலிருந்து, ஆபீஸ் முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவர், "என்ன, இன்னைக்கு மிச்சம் நின்னுச்சா?" என்று கேட்பார். இப்போதும் கேட்கிறார்.

இந்த அழுத்தம், சூடு, வேகம் எல்லாவற்றுக்கும் விமானத்தின் மூக்குக்குள் ஒரு பலகையில் வரிசையாக டயல்கள். எதிரே ஒரு கேமரா. விமானம் பாலம் விமான நிலையத்திலிருந்து கிளம்பி இறங்குகிறவரை அது படம் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பிலிமைக் கழுவி நம்மிடம் கொடுப்பார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறையில், பிலிமை மேஜைமேல் பெரிதாக விழ வைத்து, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு டயலின் முள் எங்கே நிற்கிறது என்று தாளில் எழுதுவது. ஒரு பறப்புக்கு ஆயிரக்கணக்கில் முட்கள்.

இதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரே பிலிமை இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது, பேசிக்கொள்ளக் கூடாது. பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். டயலில் ஒரு சின்னக் கோட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், இரண்டு பேரும் அந்த ரீலை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் நமக்குத் தினமும் வித்தியாசம் வரும். அதிலும் ஒன்பதாம் நம்பர் டயல். எஞ்சினின் வாலில் வருகிற அழுத்தத்தைக் காட்டுவது அதுதான், உந்துவிசைக் கணக்குக்கு உயிரே அது. அந்த முள் லேசாக நடுங்கும், படத்தில் ஒரு கோடாக இல்லாமல் பட்டையாக விழும். நீ பட்டையின் மேல் விளிம்பைப் படிப்பாய், நான் கீழ் விளிம்பை. யார் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, உன் கண் அப்படி, என் கண் இப்படி.

மறுபடி படிப்பது என்றால் பஸ் போய்விடும். பஸ் போனால், கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளியிலிருந்து வரும் உமா ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பாள். பக்கத்து பிளாக்கில் சேகர். அடுப்பைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள். நாம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்புறம்தான் அது நடந்தது. நாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று மலை மந்திர் முருகன்மேல் ஆணையாகச் சொல்வேன். கோமதி கொஞ்சம் கூடுதலாக எழுதுவாளே என்று நான் அரைக் கோடு ஏற்றிப் போட ஆரம்பித்தேன். வசந்தா குறைவாகப் போடுவாளே என்று நீ அரைக் கோடு இறக்கினாய். இரண்டு பேர் தாளும் பட்டையின் நடுவில் வந்து கைகோத்துக்கொண்டன. மறுபடி படிப்பது நின்றது. பஸ் தவறவில்லை. நம் அதிகாரி கோஷ் சார், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் நம் தாள்களைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார், எப்படிப் பொருந்துகிறது பாருங்கள் என்று. மூன்று நான்கு வருஷம் அப்படி ஓடியது. பாசத்தில் செய்தோம், கோமதி. பாசம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு அந்த மார்கழிக் குளிர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் புல்வெளியில் பெண்கள் எல்லோரும் வெயிலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டும் வேர்க்கடலை உரித்துக்கொண்டும் இருப்போமே, அங்கேதான் பைலட் பாட்டியா வந்தார். அப்போது சோதனையில் இருந்த எஞ்சினை ஆறு மாதமாக ஓட்டிப் பார்க்கிறவர் அவர்தான். விமானிகள் நம் பக்கம் வரவே மாட்டார்கள். எழுந்து நின்ற நம்மை உட்காரச் சொல்லிவிட்டு அவரும் புல்லில் உட்கார்ந்தார்.

மேலே போய் முழு வேகம் கொடுத்தால் எஞ்சின் தள்ளுவதும் விடுவதுமாக இருக்கிறது, முதுகில் அது தெரிகிறது என்று அவர் பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் எண்களில் அப்படி ஒன்றும் இல்லை. "நம்பர் போல்தா ஹை சப் டீக், மேரி பீட் போல்தி ஹை நஹீ" என்றார். எண் எல்லாம் சரி என்கிறது, என் முதுகு இல்லை என்கிறது. அடுத்த வாரம் இன்னும் உயரத்தில், முழு வேகத்தில் நீண்ட பறப்பு. அதை வேறு ஒருவரிடம் கொடுக்கப் போகிறார்கள், தன்னை மேஜை வேலைக்கு அனுப்புகிறார்கள் என்றார். "போலேங்கே, பாட்டியா டர் கயா" என்று சிரித்தார், பயந்துவிட்டான் என்பார்களாம். பிறகு உள்ளங்கையைப் புல்மேல் வைத்து, அந்த உதறல் எப்படி இருக்கும் என்று அசைத்துக் காட்டினார்.

உன் கையில் பின்னல் நின்றது. நானும் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் முள் பட்டையாக விழும் அதே அசைவு.

அவர் போனதும் நீ சொன்னாய்: "ஏட்டி வசந்தா, கொஞ்ச நாளா அந்தப் பட்டை அகலமாயிட்டே வருது. பாத்தியா இல்லியா?"

"கேமரா ஆடுதுன்னு நெனச்சேன்."

"மத்த டயல் ஆடலையே. தாள்ல நம்பர் எழுதத்தான் எடம் இருக்கு, பட்டைன்னு எழுத எடம் இல்ல. நா மேல படிச்சு நீ கீழ படிச்சிருந்தா, ரெண்டு தாளுக்கும் வித்தியாசம் கூடிக்கிட்டே போயிருக்கும். கோஷ் சார் கண்ணுல பட்டிருக்கும். நாம ரெண்டு பேரும் சேந்து நடுவுல போட்டு அதை அமுக்கிட்டோம்."

எஞ்சின் நடுங்குகிறது என்று சொல்ல அந்த ஆபீஸிலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உன் கண்ணும் என் கண்ணும் ஒத்துப்போகாதது. அதைத்தான் நாம் சரிசெய்து வைத்திருந்தோம்.

சொல்லிவிடுவோம் என்றாய். வேண்டாம் என்றேன். என் நிலைமை உனக்குத் தெரியும். இவர் வேலை பார்த்த ஓக்லா தொழிற்சாலை மூடி எட்டு மாதம். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். நாம் இருவரும் அப்போது தற்காலிகம், நிரந்தரமாக்கும் ஃபைல் மேஜைக்குப் போயிருந்தது. இப்போது போய், சார், நாங்கள் எண்ணை வளைத்தோம் என்றால்? கெஞ்சினேன், கோபித்தேன், உனக்கென்ன, உன் வீட்டுக்காரருக்குச் சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை என்று குத்தியும் காட்டினேன். நீ கடலைத் தோலைப் பொறுக்கித் தாளில் மடித்துக்கொண்டு எழுந்து போனாய்.

மறுநாள் காலை கோஷ் சார் என்னைக் கூப்பிட்டார். நீ ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தாய். என்னைக் கேட்காமல் சொல்லியிருந்தாய், "நாங்க ரெண்டு பேரும்" என்று சேர்த்துச் சொல்லியிருந்தாய். மிஸஸ் வசந்தா, இவர் சொல்வது உண்மையா என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன் சார்," என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபம் இல்லை.

கோஷ் சார் யாரையும் திட்டுகிறவர் இல்லை. கடைசிப் பறப்பின் ரீலில் ஒன்பதாம் நம்பர் டயலை மட்டும் மறுபடி படியுங்கள் என்றார். மறுநாள் நீ காலையில், நான் மதியம். அதே அறை, அதே மேஜை. இருவரும் சந்திக்கக் கூடாது. படித்து முடித்ததும் தாளை உறையில் போட்டு ஒட்டி அவரிடமே கொடுக்க வேண்டும்.

மதியம் நான் போய் உட்கார்ந்தேன். கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். என் கண் பார்க்கிறபடி கீழ் விளிம்பை எழுதினால், உன் தாளுக்கும் என் தாளுக்கும் வித்தியாசம் வரும், நேற்று நான் சொன்னது பொய் என்றாகும். பழையபடி நடுவில் எழுதினால் என் தாள் என் பழைய தாளோடு அச்சாகப் பொருந்தும், என் வேலை பிழைக்கும். பொய்க்காரி நீ என்றாகும்.

நடுவில் எழுதினேன் கோமதி.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நாற்பத்து மூன்று படங்களுக்குப் பட்டையின் நடுவையே எழுதினேன். நாற்பத்து நான்காவது படத்தில் விமானம் முழு வேகத்துக்குப் போகிறது, பட்டை விரல் அகலத்துக்கு விழுகிறது. பென்சிலை வைக்கப் போனேன். இதே பட்டையைக் காலையில் இதே ஸ்டூலில் உட்கார்ந்து நீ பார்த்திருப்பாய், பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருப்பாய், அதைப் பொய்யென்று சொல்லப்போவது பாட்டியாவோ கோஷ் சாரோ இல்லை, என் கையெழுத்து என்று தோன்றியது. அழுகை வந்தது. ரப்பரை எடுத்து நாற்பத்து மூன்று வரியையும் அழித்தேன். முதல் படத்திலிருந்து கீழ் விளிம்பை, என் கண்ணுக்குத் தெரிந்தபடி எழுதினேன். அன்று பஸ் போய்விட்டது.

அடுத்த நாள் கோஷ் சார் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தாளையும் ஒப்பிட்டார். யாருக்கும் தாளைக் காட்டவில்லை. வித்தியாசத்தை மட்டும் ஒரு கிராஃபில் வரைந்து கொண்டுவந்து நம் இருவர் முன்னாலும் வைத்தார். எஞ்சின் வேகம் ஏற ஏற வித்தியாசமும் ஏறியது, படிக்கட்டு மாதிரி. "இது லேடீஸ் தப்பு இல்லை, எஞ்சின்," என்றார். நீண்ட பறப்பு நின்றது. எஞ்சினைத் திறந்தார்கள். எரிபொருளை அளந்து விடுகிற பாகத்தில் ஒரு சின்ன வால்வு தேய்ந்து, எரிபொருள் கூடுவதும் குறைவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியே மேலே போயிருந்தால் எஞ்சின் நின்றேகூடப் போயிருக்கலாம் என்றார்கள். அதைச் சரிசெய்து, இரண்டு மாதம் கழித்துப் பாட்டியாவே ஓட்டினார். இறங்கியதும் நேராக நம் அறைக்கு வந்து, ஒரு கூடை கின்னு ஆரஞ்சை மேஜைமேல் வைத்துவிட்டு, தன் முதுகைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

நம் இருவருக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. நிரந்தரம் ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. அந்த ஒன்றரை வருஷமும் எப்படி ஓடியது என்று இப்போது நினைத்தால் தெரியவில்லை, ஓடிவிட்டது. படிக்கும் தாளில் முள்ளின் பட்டை எவ்வளவு அகலம் என்று எழுத ஒரு புதுக் கட்டம் சேர்த்தார்கள். அது உன்னுடைய கட்டம் என்றுதான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் நாம் பேசவில்லை. மூன்று மாதம். பக்கத்துப் பக்கத்து ஸ்டூல், ஒரே பஸ், ஒரு வார்த்தை இல்லை. கேட்காமல் என்னை மாட்டிவிட்டாளே என்று எனக்கு. முகத்துக்கு நேரே பொய் சொன்னாளே என்று உனக்கு, அல்லது உனக்கு அப்படி இருந்ததாக நான் நினைத்தேன். பங்குனி உத்திரத்தன்று மலை மந்திரில் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றாய். என் தோளைப் பிடித்துத் திருப்பினாய்.

"போதும்ட்டி. வாய் என்ன சொன்னா என்ன? தாள்ல நெசத்த எழுதினேல்லா, எனக்கு அது போதும்."

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். நாற்பத்து மூன்று வரியைப் பற்றிச் சொல்ல அங்கேயே வாய் வரை வந்தது. தீபாராதனை மணி அடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் பத்து வருஷம் எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது, அப்போதெல்லாம் எந்த மணியும் அடிக்கவில்லை. நான்தான் சொல்லவில்லை. நீ உமாவிடம் "உன் மாமியா வாய் பொய் சொல்லும், பென்சில் சொல்லாது" என்று என் எதிரிலேயே சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் நானும் சிரித்தேன். அந்தப் பெருமையை அனுபவித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் இருவரும் கட்டினால் அவளை, கட்டினால் அவனை என்று வந்து நின்றபோது நீ செய்த வேலை ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்தை எந்த ஊரில் வைப்பது என்று கேள்வி. "பேசக் கூடாது. ஆளுக்கொரு தாள்ல எழுதுவோம்," என்றாய். எழுதினோம். பிரித்துப் பார்த்தால், உனக்குப் பிடிக்குமே என்று நான் உன் ஊர் திருநெல்வேலி என்று எழுதியிருந்தேன், எனக்குப் பிடிக்குமே என்று நீ என் ஊர் திருச்சி என்று எழுதியிருந்தாய். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் இன்னும் திருந்தலையா?" என்றார். கடைசியில் ஆர்.கே.புரத்திலேயே, சங்கத்து ஹாலிலேயே நடந்தது. டெல்லி வெயிலில் வந்தவர்கள் எல்லோரும் நம்மைத் திட்டினார்கள்.

இனி போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

பழைய ரிக்கார்டுகளை ஒழிக்க உத்தரவு வந்தது. கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்துத் தாள்கள் எல்லாம் வேண்டாமாம். பிரிவில் மூத்தவள் நான், ஒவ்வொரு கட்டையும் பார்த்து ஒழிக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். தூசி மூக்கில் ஏறித் தும்மித் தும்மி நாலு நாள். ஐந்தாம் நாள் கோஷ் சார் கையெழுத்தோடு ஒரு தடித்த உறை கிடைத்தது. உள்ளே அந்த இரண்டு தாள்கட்டுகள். அவர் ஓய்வு பெற்றுக் கல்கத்தா போய் எத்தனை வருஷம் ஆயிற்று, அது அப்படியே இருந்தது.

என் தாளை முதலில் பார்த்தேன். நாற்பத்து மூன்று வரியும் அழித்த இடம் மங்கலாகத் தெரிந்தது. கோஷ் சாருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். எப்படி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தார்?

பிறகு உன் தாளை எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக.

முதல் பக்கத்தில் உன் எண்கள் மேல் விளிம்பில், உன் வழக்கப்படி. ஆனால் அந்தப் பக்கமும் தேய்ந்திருந்தது. அடுத்த பக்கமும். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். நீ அழுத்தி எழுதுகிறவள், ரப்பரால் உன் எழுத்தை முழுக்க அழிக்க முடியாது. அடியில் இருந்த எண்களைப் படித்தேன். நடுவும் இல்லை கோமதி. எல்லாம் கீழ் விளிம்பு. என் கண்ணுக்கு எது தெரியுமோ அது.

அந்தக் காலையில் உட்கார்ந்து நீ எனக்காகப் படித்திருக்கிறாய். நான் என் கண்படி எழுதினாலும் உன் தாளோடு பொருந்த வேண்டும், நான் சொன்ன பொய் நிற்க வேண்டும், பொய்க்காரி நீயே ஆகிவிடலாம் என்று. பிறகு எங்கேயோ நிறுத்தியிருக்கிறாய். மேலே போகப் போகிற விமானியை நினைத்து நிறுத்தினாயா? என்னால் உன்னைக் கேட்க முடியாது. அழித்திருக்கிறாய், முதலிலிருந்து எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். நான் எனக்காகப் பொய் எழுதியது நாற்பத்து மூன்று வரி. நீ எனக்காக எழுதியது அறுபத்திரண்டு.

பத்து வருஷம் ஏண்டி சொல்லவில்லை? கோயிலில் என் தோளைப் பிடித்தாயே, அப்போது உன் வாய் வரைக்கும் வந்ததா?

அங்கேயே, தூசிக்கு நடுவில், சிரித்தேன். கூட இருந்த பெண் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுதது வீட்டுக்கு வந்த பிறகு.

ஒழிக்க வேண்டியவை என்று அந்தக் கட்டுக்கும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அதை மட்டும் மேலிடத்தில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், பீரோவில் உன் மகள் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் பால்கனி வெயிலில் இரண்டு தாளையும் பிடித்துக் காட்டப்போகிறேன். உன் மாமியார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் எழுதியவள், உன் அம்மா என்னைக் காப்பாற்றப் பொய் எழுதியவள் என்று உமாவிடம் சொல்வேன். நீ இருந்தால், விடுட்டி, ரெண்டும் ஒண்ணுதான் என்று எனக்காக இறங்கி வருவாய். நான் ஏற மாட்டேன் கோமதி. நாற்பத்து மூன்றை நாற்பத்து மூன்று என்றும், அறுபத்திரண்டை அறுபத்திரண்டு என்றும்தான் சொல்வேன். இந்த ஒரு தடவை உனக்கு அரைக் கோடுகூட விட்டுக்கொடுக்க மாட்டேன், இது சத்தியம்.

உன் சம்பந்தி,
வசந்தா